டூ குட் டு கோ: இரவில் மிஞ்சும் ரோல்ஸுக்கு இந்தச் செயலி கட்டுப்படியாகுமா?

இரவு 9 மணிக்குக் கண்ணாடிப் பெட்டியில் 15 ரோல்ஸும் அரைத் தட்டு வடையும் ஒரு சட்டி கோழிக்கறியும் கிடக்கின்றன. லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் பக்கத்துத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளில் இதற்கு வழக்கமாக மூன்று வழிகள்: வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது, நாளைக்கும் வைத்து விற்கப் பார்ப்பது, குப்பையில் கொட்டுவது. நாலாவதாக வந்ததுதான் டூ குட் டு கோ என்ற செயலி. 2015இல் கோபன்ஹேகனில் தொடங்கியது, 2016இலேயே பிரித்தானியாவுக்கும் வந்துவிட்டது. மிஞ்சியதைப் பையில் போட்டு, கடை விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு விற்கலாம். வாங்குகிறவர் செயலியிலேயே பணத்தைக் கட்டிவிட்டு, கடை குறித்த நேரத்தில் வந்து எடுத்துக்கொண்டு போவார். பைக்குள் என்ன இருக்கும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது.

மிச்சத்தை விற்க, சின்னக் கடைக்கு இதைவிடச் சுலபமான கருவி இப்போது இல்லை. ஆனால் மிச்சம் ஏன் வருகிறது என்பதை அது சொல்லித் தராது. அதைக் கடைக்காரர்தான் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதிப் பார்க்காத கடையில் இந்தச் செயலி மெல்ல மெல்ல நட்டத்துக்குக் கொண்டுபோகும். காசுக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

கடை விலையில் 12 பவுண் பெறுமதியான பை ஒன்றை 4 பவுணுக்குப் போடுகிறீர்கள். ஒவ்வொரு பைக்கும் நிறுவனம் ஒரு கட்டணம் எடுக்கும், அதைவிட ஆண்டுக் கட்டணமும் உண்டு. தொகை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுவதால், கணக்குக்காக இங்கே பைக்கு 1.30 பவுண், அதன் மேல் வற் (VAT) எனப்படும் பெறுமதி சேர் வரி என்று வைத்துக்கொள்வோம். பையில் இருப்பது சூடான சாப்பாடு, கடை வற் பதிவுள்ளது என்றால், 4 பவுணுக்குள் 20 வீத வரியாக 67 பென்ஸ் போய்விடும். கட்டணத்தில் ஏறும் வற்றை அப்படியான கடை திரும்பப் பெறலாம் என்பதால் 1.30ஐ மட்டும் கழித்தால் 2.03. பெட்டி, கடதாசிப் பை, லேபிள் எல்லாம் சேர்த்து 35 பென்ஸ் என்றால் கையில் நிற்பது 1.68. இப்போது செலவுப் பக்கத்தைப் பாருங்கள். 12 பவுண் சாப்பாட்டுக்கு வரி போக 10 பவுண், அதில் சாமான் செலவு 30 வீதம் என்றால் 3 பவுண். குப்பைக்குப் போக இருந்த சாப்பாடு என்றால் 1.68 பவுணும் மிச்சக் காசுதான். அந்தப் பைக்கென்றே சமைத்த சாப்பாடு என்றால், வேலைக் கூலியும் எரிவாயுவும் சேர்க்காமலே பைக்கு 1.32 பவுண் நட்டம்.

இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எந்தத் திரையிலும் தெரியாது. செயலி காட்டுவது விற்ற பைகளின் எண்ணிக்கையையும் வந்த பணத்தையும் மட்டும்தான்.

வரியில் வழக்கமாக விழும் பிழை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் கட்டிய முழு 4 பவுணுக்குத்தான் பொதுவாக வரி. கட்டணம் கழித்து வங்கிக்கு வந்த தொகைக்கு அல்ல. பொரித்து எடுத்துத் தானாக ஆறவிட்ட ரோல்ஸுக்கும், சூடாக வைக்கும் பெட்டியில் இருந்த ரோல்ஸுக்கும் வரி வேறு. முன்னதற்குப் பூச்சிய வீதம், பின்னதற்கு 20 வீதம். ஆண்டு விற்பனை 90,000 பவுணுக்கு உட்பட்டு, வற் பதிவே இல்லாத கடை என்றால் விற்பனையில் வரி இல்லை. ஆனால் நிறுவனத்தின் கட்டணத்தில் ஏறும் வற்றைத் திரும்பப் பெறவும் முடியாது. மேலே போட்ட அதே கணக்கில் அப்படியான கடைக்கு 2.09 பவுண் நிற்கும். பணமும் அன்றன்றைக்கு வராது, ஒப்பந்தத்தில் உள்ள இடைவெளியில்தான் வரும். ஆகவே இதை நம்பி வெள்ளிக்கிழமை இறைச்சிக்காரருக்குக் காசு சொல்லக் கூடாது.

அடுத்த கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை பை போடுவது. கடைக்காரருக்கான செயலியில் கிழமை வாரியாக ஓர் எண்ணிக்கையைப் பதிந்து வைக்கலாம், அன்றன்று கூட்டிக் குறைக்கலாம். சராசரியைப் பதியத்தான் முதலில் தோன்றும். அதுதான் பிழை. ஒரு கடையில் ஆறு செவ்வாய்க்கிழமைகளில் மிஞ்சியது 5, 9, 3, 7, 4, 8 பைக்கான சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 6. அதைப் பதிந்தால் ஆறில் மூன்று செவ்வாய்களில் விற்ற பையை நிரப்பச் சாப்பாடு இருக்காது. அப்போது இரண்டே வழி. பையை ரத்துச் செய்ய வேண்டும், அல்லது இரவு 8 மணிக்கு எண்ணெய்ச் சட்டியை மறுபடி அடுப்பில் வைக்க வேண்டும். முதலாவது செய்தால் மதிப்பீடு விழும். இரண்டாவது செய்தால் மேலே சொன்ன 1.32 நட்டம் பையொன்றுக்கு. ஆகவே பதிய வேண்டியது ஆகக் குறைந்த எண்ணான 3. அதற்கு மேலே எத்தனை பை என்பதை மாலை 7 மணிக்குப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். சனநெருக்கமான லண்டன் பகுதிகளில் கடைசி நேரத்தில் போட்ட பைக்கும் ஆள் கிடைக்கும். பக்கத்தில் இப்போது என்ன கிடைக்கும் என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

எடுக்கும் நேரத்தைக் கடை பூட்டும் நேரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். 9.30க்குப் பூட்டும் கடைக்கு 8.30 முதல் 9 வரை சரியாக இருக்கும். முன்னதாக, 6 மணிக்கே வைத்தால் முழு விலைக்கு ரோல்ஸ் வாங்க வந்தவரும் செயலியைத் திறந்து பார்ப்பார். வழமையான வாடிக்கையாளர் மூன்றில் ஒரு விலைக்குப் பழகிவிட்டால் அவரைப் பழைய விலைக்குத் திருப்புவது கஷ்டம். எடுக்கும் நேரம் தொடங்க 2 மணி நேரம் முன்வரை வாங்கினவர் ரத்துச் செய்யலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ரத்துச் செய்யாமலே வராமல் விட்டவர் கட்டிய பணம் கடைக்குத்தான். பை மட்டும் உங்கள் கையிலேயே நிற்கும்.

பைக்குள் எதைப் போடலாம் என்பதில்தான் உண்மையான சிக்கல். மலிவு விலை என்பதால் உணவுச் சட்டம் தளராது. இங்கிலாந்தில் சூடான சாப்பாடு 63 பாகை செல்சியஸில் அல்லது அதற்கு மேலே நிற்க வேண்டும். விற்பனைக்கு வைக்கும்போது அதற்குக் கீழே இறங்கினால், ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம் வரைதான் வைத்திருக்கலாம். குளிர்ச் சாப்பாடு 8 பாகைக்கு மேலே போகக் கூடாது. காட்சிக்கு வைக்கும்போது ஒரு தடவை 4 மணி நேரம் வரை சலுகை உண்டு. இதன் பொருள் என்னவென்றால், காலை 11 மணிக்கு மேசையில் வைத்த மட்டன் ரோல்ஸ் இரவு 9 மணிக்கு 'மிச்சம்' அல்ல, குப்பை. அதைப் பையில் போட்டு விற்க முடியாது. தட்டில் நேரத்தை ஒட்டாத கடைக்கு எது மிச்சம், எது குப்பை என்று தெரியவே வழியில்லை. ஒவ்வொரு தட்டும் வெளியே வரும்போது மாஸ்கிங் டேப்பில் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். 15 பவுணுக்குள் கிடைக்கும் ஊசி வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும்.

சோற்றில் இரட்டிப்புக் கவனம் தேவை. பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகும்போது சாகாது. சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பானையில் மூடிக் கிடந்த சோறு மேலே கொதித்தாலும் ஓரத்தில் 50 பாகைக்கு இறங்கியிருக்கும். வெப்பமானியை ஓரத்தில் குத்திப் பாருங்கள். பிரியாணியைப் பையில் போடுவதாக இருந்தால் 63க்கு மேலே இருக்கும்போது பெட்டியில் அடைத்து, அரை மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். அல்லது சமைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் குளிராகவே கொடுக்கலாம். தேங்காய்ச் சட்னி, சம்பல், சொதி மூன்றும் வெளியே நின்றவை என்றால் பையில் சேர்க்காதீர்கள். இடியப்பம் மட்டும் தனியே போனால் வாங்கினவர் திட்டுவார்தான், ஆனாலும் புளித்த சொதியைவிட அது மேல்.

ஒவ்வாமை விடயத்தில் தமிழ்ச் சமையல் தனி வகை. பிரித்தானியச் சட்டம் 14 பொருட்களைச் சொல்கிறது. கோதுமையும் முட்டையும் பாலும் எல்லோருக்கும் நினைவு வரும், மற்றவை வராது. தாளிதத்துக் கடுகு அந்த 14இல் ஒன்று. எள்ளும் ஒன்று, ஆகவே நல்லெண்ணெயும் சேர்த்தி. சம்பலில் போடும் மாசிக் கருவாடு மீன் என்ற பிரிவில் சேரும். கணவாய் வேறு, இறால் வேறு. சட்டத்தில் இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். சோயா மீற் பிரட்டலில் சோயா. மிகவும் மறந்துபோவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மா கலந்திருப்பது வழக்கம். உளுந்து வடையில் கோதுமை இல்லை என்று கவுண்டரில் வாய் தவறிச் சொல்லிவிட்டால், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளி ஒருவர் அதை நம்பிச் சாப்பிடுவார். டின்னைத் திருப்பிப் படித்துவிட்டு அட்டவணை எழுதுங்கள். கடையில் முன்கூட்டியே பொதி செய்து விற்பனைக்கு அடுக்கிய பண்டம் என்றால் 2021 அக்டோபர் முதல் பெயரும் முழுப் பொருட் பட்டியலும், அதில் ஒவ்வாமைப் பொருட்கள் தடித்த எழுத்துப் போல ஏதாவது வகையில் தனித்துத் தெரியும்படியும் லேபிளில் இருக்க வேண்டும். அப்படியான லேபிள் ஒட்டிய எள்ளுருண்டைப் பக்கற்றைப் பையில் போடுவது, லேபிளில்லாத ஐந்து கறியைக் கலந்து கொடுப்பதைவிட எவ்வளவோ சுலபம்.

மரக்கறிப் பை ஒன்று, இறைச்சிப் பை ஒன்று என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே பையில் எல்லாம் என்றால் சைவக்காரரின் முறைப்பாடு, மாட்டிறைச்சி சாப்பிடாதவரின் முறைப்பாடு, ஹலாலா என்ற கேள்வி, மூன்றும் ஒரே இரவில் வந்து சேரும். இரண்டுக்கு மேலே பிரித்தால் எண்ணிக்கை சிதறி ஒவ்வொன்றிலும் ஒன்று இரண்டுதான் நிற்கும், அதுவும் வேண்டாம். செயலியில் பையைப் பற்றி எழுதும் விபரத்தில் இரண்டு சொல் கட்டாயம்: காரம் என்று, எலும்புள்ள இறைச்சி என்று. செயலி வழியாக வருகிறவர்களில் பலர் ஆட்டிறைச்சிக் கறியை முதன்முதலாகச் சாப்பிடப் போகிறவர்கள். எலும்பு வந்ததே என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைப்பார்கள். பண்டங்களின் பெயரை எழுதிய சின்னத் துண்டு ஒன்றைப் பையில் வையுங்கள். பற்றீஸ் பிடித்துப்போய் மறுகிழமை முழு விலைக்கு வாங்க வருகிறவருக்கு அதன் பெயராவது தெரிய வேண்டாமா?

பெட்டி விடயம் சுருக்கமாக. இங்கிலாந்தில் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிகள் 2023 அக்டோபரோடு தடை. பழைய இருப்பு களஞ்சியத்தில் கிடந்தாலும் பாவிக்கக் கூடாது. கடதாசிப் பைக்கு 10 பென்ஸ் அறவிட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கைப்பைக்குத்தான் அது.

கவுண்டரில் நடப்பது எளிது. வாங்கினவர் தன் கைப்பேசியைக் காட்டுவார், ஊழியர் முன்னிலையிலேயே திரையை விரலால் தள்ளி 'எடுத்தாயிற்று' என்று உறுதிசெய்வார். தள்ளுவதை ஊழியர் கண்ணால் பார்க்க வேண்டும். படம் பிடித்து வைத்த திரையைக் காட்டி ஒரே பையை இரண்டு பேர் வாங்கிப் போக இடம் கொடுக்கக் கூடாது. சனிக்கிழமை இரவு ஒரே ஆள் கல்லாவிலும் கொத்துரொட்டிக் கல்லிலும் நிற்கும் கடையில் இது நழுவும். பைகளை 8.15க்கே கட்டி, சூடானதைச் சூட்டுப் பெட்டியிலும் மற்றதைக் குளிர்பெட்டியிலும் வைத்துவிட்டால் ஒருவருக்கு அரை நிமிடம்தான் செல்லும். விற்ற பிறகு வாங்கினவர்கள் சாப்பாட்டின் தரம், அளவு, விலைக்கேற்ற பெறுமதி, ஊழியரின் முகம், காத்திருந்த நேரம் என்றெல்லாம் மதிப்பிடுவார்கள். அளவில் கஞ்சத்தனம் செய்த கடைதான் அதில் முதலில் அடிவாங்கும். 12 பவுண் பெறுமதி என்று சொன்னால் விலைப்பட்டியலில் கூட்டிப் பார்த்தாலும் 12 வர வேண்டும்.

இவ்வளவும் மிச்சத்தைக் கரைக்கும் வேலை. மிச்சத்தையே குறைக்கத் தனியாக ஒரு கூகுள் ஷீட் போதும். ஒரு நாளைக்கு ஒரு பண்டத்துக்கு ஒரு வரி: திகதி, கிழமை, பண்டம், செய்தது, விற்றது, பைக்குப் போனது, ஊழியருக்குப் போனது, குப்பைக்குப் போனது, காரணம். காரணத்துக்கு நாலே சொல் வைத்துக்கொள்ளுங்கள்: கூடச் சமைத்தது, நேரம் கடந்தது, கருகியது, திருப்பி வந்தது. விரிவாக எழுதச் சொன்னால் மூன்றாம் நாள் யாரும் எழுத மாட்டார்கள். உணவுக் குப்பை வாளியை இரவில் தூக்குத் தராசில் மாட்டி நிறையையும் குறியுங்கள். எண்ணிக்கையில் ஏமாற்றலாம், நிறையில் முடியாது.

'விற்றது' என்ற கட்டத்துக்கு எண் கல்லாவிலிருந்து வர வேண்டும். ஸ்குவெயர், சம்அப் போன்ற கருவிகள் பண்ட வாரியாக அறிக்கை தரும். ஆனால் நம் கடைகளில் பலதில் எல்லாவற்றையும் 'உணவு' என்ற ஒரே பொத்தானில் அடித்துவிடுவார்கள். ரோல்ஸ், வடை, பற்றீஸ், கொத்து, பொதிச் சோறு என்று 10 அல்லது 12 பொத்தான்களைப் பெரிதாக முதல் திரையில் வைத்துவிடுங்கள். காசுக்கு விற்றதையும் அதிலேயே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் என்று ஷீட் காட்டுவது மிச்சமே அல்ல, கல்லாவில் அடிக்காமல் போன விற்பனை.

ஆறு கிழமை எழுதினால் கோலம் தெரியும். வெள்ளிக்கிழமை மட்டன் ரோல்ஸ் தேங்கும், வடையும் மரக்கறி ரோல்ஸும் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். விரதக்காரர் செய்யும் வேலை அது. கந்தசஷ்டி ஆறு நாளும் அப்படித்தான். ஓகஸ்டில் ஈலிங் அம்மன் தேர் என்றால் அந்தப் பக்கத்துக் கடைகளின் கணக்கே தலைகீழாகும். ஆகவே ஷீட்டில் 'விசேடம்' என்று ஒரு கட்டம் சேருங்கள். வெளிநாட்டில் செய்த எந்தக் கணிப்பு மென்பொருளுக்கும் சஷ்டி எப்போது என்று தெரியாது.

தெரிந்த பிறகு செய்ய வேண்டியது சமையலறையில். ரோல்ஸைப் பாண்தூளில் பிரட்டி, பொரிக்காமல் உறையவைத்து, காலை 11, மாலை 4, 6.30 என்று மூன்று தவணையாகப் பொரித்தால் இரவில் தேங்குவது கடைசித் தவணையின் மிச்சம் மட்டும்தான். அதைச் சூட்டுப் பெட்டியில் 63 பாகைக்கு இறங்காமல் வைத்திருந்தால் பைக்குப் போகும் நிலையில் இருக்கும். உறைந்ததை நேரே எண்ணெயில் போடும்போது வெளியே சிவந்து உள்ளே குளிர்ந்து கிடக்கும் ஆபத்து உண்டு. எண்ணெயை 170 பாகைக்கு மேலே ஏற்றாமல், ஒரு தடவைக்குக் குறைவாகப் போட்டு, நடுவில் 70 பாகை வந்து 2 நிமிடம் நின்றதா என்று குத்திப் பாருங்கள். ரொட்டி மிஞ்சினால் கொத்துக்குப் போகும். நம் கடைகளுக்கு அதைச் செயலி சொல்லித் தர வேண்டியதில்லை.

பைக்கும் போகாதது நேரே குப்பைக்குத்தானா? சூட்டிலும் குளிரிலும் ஒழுங்காக நின்ற சாப்பாட்டை ஒலியோ செயலியில் அயலாருக்கு இலவசமாகக் கொடுக்கலாம். காசு வராது, ஆனால் பைக்கு ஆள் கிடைக்காத திங்கள் இரவுகளுக்கு உதவும். சமையலறைக்குள் வந்துபோன எதையும் கோழிக்கோ பன்றிக்கோ கொடுக்காதீர்கள். 2001இல் கால்நடைகளுக்கு வந்த கால்-வாய் நோய்க்குப் (கோமாரி) பிறகு பிரித்தானியாவில் அது தடை, வீட்டுக் கோழிக்கும் சேர்த்து. குப்பைக்குப் போவதும் தனி வாளியில்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் 10 பேரும் அதற்கு மேலும் முழுநேரக் கணக்கில் வேலை செய்யும் இடங்களுக்கு 2025 மார்ச் 31 முதல் உணவுக் கழிவைத் தனியாகப் பிரிக்கும் சட்டம் வந்துவிட்டது. அதற்குக் குறைந்த கடைகளுக்கு 2027 மார்ச் 31 வரை தவணை. வாளி தனியானதும் அதற்குத் தனி விலைச்சீட்டு வரும். அன்றைக்குத்தான் தூக்குத் தராசில் எழுதி வைத்த கணக்கு கைகொடுக்கும். எத்தனை லீற்றர் வாளி, கிழமைக்கு எத்தனை தடவை என்று வண்டிக்காரர் சொல்வதைக் கேட்காமல் நீங்களே சொல்லலாம். பொரித்த எண்ணெயை எடுப்பவரிடமும் கழிவுக் கைமாற்றுச் சீட்டை வாங்கிப் படம் பிடித்து அதே கோப்புறையில் போடுங்கள், 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

யாருக்கு இது பொருந்தும்? கண்ணாடிப் பெட்டி வைத்து நாள் முழுக்க விற்கும் ஷோட்டீட்ஸ் (சிற்றுண்டி) கடை, பேக்கரி, மத்தியானப் புபே வைக்கும் உணவகம், இவற்றுக்குத் தாராளமாகப் பொருந்தும். புபேக்காரருக்கு 3 மணிக்கு ஒரு நேரம் தனியாக வைக்கலாம். ஆனால் விருந்தாளிகள் கரண்டி போட்டுக் கிளறிய தட்டிலிருந்து எடுக்காமல், உள்ளே நின்ற சட்டியிலிருந்து எடுங்கள். ஓடர் வந்த பிறகே சமைக்கும் தோசைக் கடைக்கு ஆண்டுக் கட்டணம் வீண். மண்டப ஓடர் மட்டும் செய்கிற கேற்றரிங்காரருக்கும் அப்படியே. அவர்களின் மிச்சம் மாதத்தில் நாலு நாள் மலைபோல வந்து மற்ற நாளில் ஒன்றுமில்லாமல் போகும், அதற்கு இந்தச் செயலியின் கிழமைக் கணக்கு ஒத்துவராது.

சேர்ந்த கடைகள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விற்ற பைகளின் எண்ணிக்கையையும் குப்பை வாளியின் நிறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறை இறங்கிப் பையும் இறங்கினால் சமையலறை சரியாகிறது. நிறை இறங்காமல் பை மட்டும் ஏறினால், யாரோ 8 மணிக்குப் பைக்காகப் பொரிக்கிறார்கள். அடுத்த கிழமையே பதிந்த எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.